பிரின்சிபால் ஆகறது எப்படின்னு கேக்கப் போனேன்

வெள்ளிக்கிழமை எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணு. ஒரு காலேஜ் பிரின்சிபாலைப் பாத்து, "எப்படி சார் பிரின்சிபால் ஆனீங்க?"ன்னு கேட்டு, நோட்டுல எழுதிக்கினு வரணும்.

எனக்கில்ல. நான் எட்டாவதோட நிறுத்துனவ. என் பொண்ணு நிவேதாவுக்கு. மூணாங்கிளாஸ் படிக்குது.

பெரியவங்களானா இன்னா ஆவீங்கன்னு டீச்சர் கேட்டுருக்காங்க. மத்த பசங்க டாக்டரு, போலீசுன்னு சொல்லிட்டு உக்காந்துடுச்சுங்க. இது மட்டும் எழுந்து நின்னு "காலேஜ் பிரின்சிபால்"னு சொல்லிகீது. "அப்போ ஒரு பிரின்சிபால் கிட்டயே கேட்டு எழுதிக்கினு வா. திங்கக்கிழமை பிரேயர்ல மைக்ல பேசணும்"னுட்டாங்க.

டாக்டர்னு சொல்லியிருந்தா தெருமுனை கிளினிக்கோட முடிஞ்சிருக்கும்!

எங்கூட்டுக்காரர் கிட்ட சொன்னேன். அவருக்கு கும்மிடிப்பூண்டியில கம்பி கம்பெனி. காலங்காத்தால கம்பெனி பஸ் புடிக்கிற ஆளு. "நான் லீவு போட்டா சூப்பர்வைசர் என்னையே உருக்கி கம்பியா இழுத்துடுவான். நீயே போ. ஆனா போன தடவை மாதிரி பண்ணாத."

போன தடவை தபால் ஆபீஸ்ல ரெண்டு கேள்வி கேக்கணும். வாசல் வரைக்கும் போனேன். உள்ள நாலு பேரு இருந்தாங்க. திரும்பி வந்துட்டேன். பாவம் புள்ள, சொல்றதுக்கு ஒண்ணும் இல்லாம கிளாஸ் முன்னாடி நின்னு அழுதுட்டு வந்துச்சு. இந்த தடவை கிளாஸ் இல்ல, ஸ்கூலே பாக்கும்.

விடக்கூடாதுன்னு முடிவு பண்ணேன். நிச்சயதார்த்தப் பட்டுப்புடவையை எடுத்துக் கட்டினேன். ஊத்துக்கோட்டை ரோட்டுல ஷேர் ஆட்டோ ஏறி ஒரு இன்ஜினியரிங் காலேஜ் வாசல்ல எறங்கினேன்.

வாசல்ல வாழை மரம். ரெண்டு பொண்ணுங்க பன்னீர் தெளிக்கிறாங்க. கல்யாண மண்டபத்துல எறங்கிட்டேனோன்னு போர்டை ரெண்டு தடவை படிச்சேன். காலேஜ் தான்.

வாட்ச்மேன் என் புடவையைப் பாத்தாரு. "இன்னாமா இவ்ளோ லேட்டு? மேல போ, மேல போ!"

"இல்லண்ணே, நான் பிரின்சிபாலை..."

"அவரும் மேல தான் கீறாரு!"

அப்ப சரியான வழிதான்னு ஏறிட்டேன்.

மாடியில ஒரு மிஸ், கையில லிஸ்ட்டோட எண்ணிக்கினு இருந்தாங்க. "பதினெட்டு... பத்தொம்போது..." என்னைப் பாத்ததும் மூஞ்சி மலர்ந்துடுச்சு. "இருபது! வாங்க மேடம்!"

மேடமா! என்னை இதுவரைக்கும் ஒருத்தரும் அப்படிக் கூப்பிட்டதில்ல. அந்த சந்தோஷத்துல பாதி புத்தி போயிடுச்சு. மீதி புத்தி வேலை செய்யறதுக்குள்ள புடவையில ஒரு பேட்ஜைக் குத்திட்டாங்க. "உங்களை மெக்கானிக்கல்ல போட்டுக்கறேன். அங்கதான் அம்மாங்க கம்மி."

ஏசி ரூம்ல உக்கார வெச்சு, கையில ஒரு சமோசாவும் ஸ்வீட்டும் குடுத்தாங்க. பக்கத்துல ஒரு அக்கா நிம்மதியா தின்னுக்கினு இருந்துச்சு.

"இங்க இன்னாக்கா நடக்குது?"

"தெரியாமலா வந்த? வெளியூர்லேர்ந்து கமிட்டி வந்துகீது. காலேஜுக்கு மார்க் போடுவாங்களாம். பசங்களோட அம்மா அப்பாவைக் கூப்ட்டு கேள்வி கேப்பாங்க."

"உங்க பையன் எந்த வருஷம்க்கா?"

"எனக்கேது பையன்? நான் இங்க காண்டீன்ல தோசை ஊத்தறேன். நெஜ அம்மாங்க பாதிப் பேரு வரல கண்ணு."

சமோசாவை அப்படியே வெச்சுட்டு எந்திரிச்சேன். கதவு திறந்துது. கமிட்டி உள்ள வந்துடுச்சு!

கோட்டு போட்ட மூணு பேரு. அவங்க பின்னாடி, கர்ச்சீப்பால கழுத்தைத் தொடைச்சிக்கினே ஒருத்தர். "அவருதான் பிரின்சிபாலு"ன்னு தோசை அக்கா கண்ணைக் காட்டுச்சு. நான் தேடி வந்த ஆளு! பத்தடி தூரத்துல!

பெரிய கோட்டுக்காரருக்கு ஆந்திரா பக்கம் போல, தமிழை யோசிச்சு யோசிச்சுப் பேசினாரு. முதல்ல தோசை அக்கா. "பையன் எப்படி படிக்கறான்?"

"சூப்பரா படிக்கறான் சார்! லேப்பை விட்டு வரவே மாட்டான். சோத்தையே அங்கதான் குடுத்து அனுப்பறேன்!"

இல்லாத பையன் மேல இன்னா பாசம்! எனக்கே கண்ணு கலங்கிடுச்சு.

அடுத்து நான். "உங்களுக்கு பையனா, பொண்ணா? என்ன படிக்குது?"

பொய் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வாய் திறந்துது, பொய் வரல.

"பொண்ணு சார். மூணாங்கிளாஸ்."

பிரின்சிபால் ஒரே தாவா முன்னாடி வந்தாரு. "சார், நம்ம காலேஜ் மேல இந்த ஏரியா மக்களுக்கு அவ்வளவு நம்பிக்கை! மூணாங்கிளாஸ்லயே வந்து இடம் சொல்லி வைக்கிறாங்க!"

கோட்டுக்காரர் சிரிச்சுட்டாரு. "பாப்பா பெருசானா என்ன ஆகணும்?"

"காலேஜ் பிரின்சிபால் சார்."

இன்னும் நல்லா சிரிச்சாரு. அந்த சிரிப்பைப் பாத்து எனக்கு எங்கேர்ந்தோ தைரியம் வந்துடுச்சு. வராமலே இருந்திருக்கலாம். நோட்டைத் திறந்து, பிரின்சிபாலைப் பாத்து கேட்டே கேட்டுட்டேன். "எப்படி சார் பிரின்சிபால் ஆகறது?"

"நல்ல கேள்வி! சொல்லுங்க சார், நாங்களும் கேக்கறோம்"னு கோட்டுக்காரர் சேரை இழுத்துப் போட்டு உக்காந்துட்டாரு.

"பி.இ. படிக்கணும்மா. அப்புறம் எம்.இ. அப்புறம் பிஎச்.டி. பதினஞ்சு வருஷம் பாடம் நடத்தியிருக்கணும். அதுக்கப்புறம்தான் பிரின்சிபால்."

நான் குனிஞ்சு எழுதிக்கினே இருந்தேன். மேல கோட்டுக்காரர் குரல் கேட்டுது. "நீங்க பிஎச்.டி. எந்த வருஷம் முடிச்சீங்க?"

கர்ச்சீப் நின்னுடுச்சு.

"எழுதிக்கிட்டு இருக்கேன் சார்."

"எவ்வளவு நாளா?"

"ஆறு வருஷமா சார். பழைய பிரின்சிபால் வேற காலேஜுக்குப் போயிட்டாரு. நான் இப்போதைக்கு பொறுப்பு..."

"ஃபைல்ல உங்க பேருக்கு முன்னாடி டாக்டர்னு போட்டிருக்கே?"

நான் அதையும் எழுதப் போனேன். தோசை அக்கா என் காலை மிதிச்சுச்சு. "போதும் கண்ணு. நோட்டை மூடு."

கமிட்டி ஃபைலைத் தூக்கிக்கினு ஆபீஸ் ரூமுக்குப் போயிடுச்சு. நான் படிக்கட்டுக்கு ஓடினேன். பிரின்சிபால் வராண்டாவுலயே மடக்கிட்டாரு.

"யாரும்மா நீங்க? யாரு அனுப்பினது? எதிர்த்தாப்ல இருக்கிற காலேஜா?"

நோட்டைக் காட்டினேன். பொண்ணு, பிரேயரு, மைக்கு எல்லாத்தையும் ஒரே மூச்சுல கொட்டினேன். திட்டப் போறாருன்னு கண்ணை மூடிக்கினேன்.

கண்ணைத் திறந்தா, நான் எழுதினதை படிச்சிக்கினு நிக்கறாரு.

"பிஎச்.டி.க்கு கீழ ரெண்டு கோடு போடுங்கம்மா. பாப்பாவை முதல்ல அதை முடிக்கச் சொல்லுங்க."

அவரே கையெழுத்தும் போட்டுக் குடுத்தாரு. பேருக்கு முன்னாடி ஒண்ணும் போடல.

சாயங்காலம் எங்கூட்டுக்காரர் கிட்ட நடந்ததை சொன்னேன். மனுஷன் சிரிச்ச சிரிப்புல டீ மூக்குல ஏறிடுச்சு. நிவேதா பக்கத்துலயே உக்காந்து எல்லாத்தையும் கேட்டுக்கினு இருந்துகீது. நான் கவனிக்கல.

திங்கக்கிழமை ஸ்கூல் கேட்டுக்கு வெளிய ஒளிஞ்சு நின்னு கேட்டேன். மைக்ல என் பொண்ணு. பி.இ., எம்.இ., பிஎச்.டி., பதினஞ்சு வருஷம், ஒரு இடத்துலயும் தடுமாறல. பெருமையில நான் ஒளிஞ்சு நின்ன இடத்தை விட்டு வெளியவே வந்துட்டேன்!

எல்லாரும் கைதட்டப் போறாங்க. அதுக்குள்ள ஒரு மூச்சு வாங்கிக்கினு, அது கடைசியா ஒண்ணு சேத்துச்சு:

"கமிட்டி வர்ற அன்னிக்கு எங்க அம்மாவை உள்ள விடக்கூடாது."