பெருவிரல் பாடத்திட்டம்

சனிக்கிழமை விடியமுதலே நாவற்குடாவில் சனம். கோயிலுக்குப் போகிறவர், பள்ளிவாசலுக்குப் போகிறவர், சேர்ச்சுக்குப் போகிறவர் எல்லாரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். எத்தனையோ நல்லிணக்கக் கூட்டம் போட்டும் நடக்காததை ஒரு பெருவிரல் மெஷின் நடத்திவிட்டது. வாழ்க விஞ்ஞானம்!

இடம், வாவிக்கரைப் பல்கலைக்கழக ஆயத்தக் கல்லூரி. ஆறாம் தரத்தில் பிள்ளையைச் சேர்த்தால் பல்கலைக்கழக வாசலில்தான் இறக்கிவிடுவார்களாம். மற்றப் பள்ளிக்கூடங்களில் பாடத்திட்டம் புத்தகத்தில் இருக்கும். இங்கே பிள்ளையின் பெருவிரலில் இருக்கிறது. அதை வாசிக்கத் தெரிந்தவர் மூளைரேகை நிபுணர் டொக்டர் மின்ஹாஜ் ஒருவர்தான். எதில் டொக்டர் என்று யாரும் கேட்டதில்லை. கோட் போட்ட மனிதரிடம் அப்படியெல்லாம் கேட்கலாமா?

முறை மிகச் சுலபம். மேடையில் ஒரு திரை. பின்னால் பிள்ளையும் மெஷினும், முன்னால் டொக்டரும் பெற்றாரும். பெற்றாரின் மூளைக்கதிர் பட்டால் ரேகை கலங்கிவிடுமாம்! பிள்ளை விரலை வைத்ததும் மெஷின் 'டிங்' என்னும். டொக்டர் சும்மா இரண்டு கேள்வி கேட்பார்: "என்ன தொழில்? வீடு மாடியா?" பிறகு கண்ணை மூடிப் பாடத்திட்டத்தை அறிவிப்பார். டொக்டராகப் போகிறவருக்கு வெள்ளை வகுப்பு, எஞ்சினியருக்கு நீலம். மிச்சப் பேருக்குப் பச்சை, அதாவது வாழ்க்கைத் திறன். குரோட்டன் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றலாம், காகிதப் பூச் செய்யலாம். கணக்குப் பாடம் கிடையாது.

போன சனிக்கிழமை பச்சை விழுந்தவள் நிஸ்றா. நுழைவுப் பரீட்சையில் கணக்கில் முதலாவதாக வந்து இலவச இடம் பிடித்தவள். வாப்பா பக்கீர், வாவியில் வலை வீசுகிறவர்.

"இவட விரல்ல கணக்கு ரேகையே இல்ல," என்று டொக்டர் கையை விரித்துவிட்டார்.

"படிச்ச மனுசன் சொல்றார், பிழையா இரிக்குமா மிஸ்?" என்று பக்கீர் கணக்கு டீச்சர் டோரீனிடம் கேட்டார்.

"கணக்கு விரல்லயா இரிக்கு, பக்கீர் நானா? அப்ப நான் இவ்வளவு காலமும் என்னத்துக்குப் படிப்பிச்சன்?"

"மிஸ், என்னையும் கணக்கு வகுப்புக்கு எடுங்க," என்றாள் நிஸ்றா. "பூங்கண்டுக்குத் தண்ணி நான் வீட்டயும் ஊத்துறன்தானே."

டோரீன் மிஸ்ஸுக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. ஏறிய இடத்தில் ஒரு யோசனையும் வந்தது.

இந்தச் சனிக்கிழமை பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி மிஸ் திரைக்குப் பின்னால் போய்விட்டார். முன்னால் ஒரு கனவான் வந்து அமர்ந்தார். இரவல் கோட், இரவல் கறுப்புக் கண்ணாடி, பளபளக்கும் இரவல் கைக்கடிகாரம். டொக்டர் முகத்தைப் பார்க்கவில்லை. பார்வை கடிகாரத்தை விட்டு நகர்ந்தால்தானே!

'டிங்!'

"என்ன தொழில், ஹாஜியார்?"

"கட்டாரில சொந்தக் கட."

"வீடு?"

"மூண்டு மாடி."

டொக்டர் கண்ணை மூடினார். உடம்பு சிலிர்த்தது. "சுழிக்குள்ள சுழி! இப்பிடி விரல் நான் பார்த்ததே இல்ல! ஒப்பரேசன் செய்யவெண்டே பிறந்த விரல். வெள்ளை வகுப்பு!"

கூட்டம் கைதட்டியது. டோரீன் மிஸ் திரையை இழுத்துவிட்டார்.

மெஷினின் மேல் ஒரு வாழைப்பழம் படுத்திருந்தது. பக்கத்தில் நிஸ்றா, கை இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டியபடி.

வெடித்த சிரிப்பில் மேடைப் பதாகையே ஆடியது.

"பிள்ளையிட கதிர் பழத்தில ஒட்டியிருக்கும்," என்று டொக்டர் வியர்த்தார்.

"நான் அதத் தொடவே இல்ல, சேர்," என்றாள் நிஸ்றா.

கனவான் கண்ணாடியைக் கழற்றினார். பக்கீர்! "போன கிழம நான் மீன்காரன், பிள்ளைக்குப் பச்ச. இண்டைக்குக் கட்டார்க்காரன், பழத்துக்கு வெள்ள. எனக்கு ஒரே மகள்தான் சேர். இந்தக் கோட்டத்தான் மாட்டினன்."

டொக்டர் பின் கேற்றால் ஓடினார். மெஷினை எடுக்கக்கூட நிற்கவில்லை. திங்கட்கிழமை நிஸ்றா கணக்கு வகுப்பில் முதல் வரிசை வாங்கில் இருந்தாள். இதை எழுதும் எனக்கு வந்த சந்தோசத்தைச் சொல்லி முடியாது.

ஆனால் அந்தச் சனிக்கிழமை கலைந்த கூட்டத்தில் கொக்கட்டிச்சோலைப் பக்கத்து அப்பா ஒருவர் மட்டும் மேடைக்கு வந்தார். மிஸ்ஸின் காதருகே குனிந்து, மெல்லக் கேட்டார்:

"அந்தப் பழம் எந்தக் கடையில வாங்கின, மிஸ்? எங்கட பொடியனுக்கும் ரெண்டு குடுத்துப் பார்க்கலாமெண்டு…"

பெற்றாரே, பிள்ளையின் விரலை விடுங்கள். முதலில் உங்கள் தலைக்குள் ஒருதரம் 'டிங்' என்கிறதா என்று பாருங்கள்!