குப்பைக்குப் போன மேனேஜர்

"திங்கக்கிழமையிலருந்து மேனேஜர் மெயில் ஒண்ணுகூட வரல தம்பி," என்றார் கணக்கு அக்கா. "நிம்மதியாத்தான் இருக்கு. அதான் பயமா இருக்கு."

மேனேஜர் வாய் திறந்து எதுவும் சொல்லமாட்டார். ஜன்னலைச் சாத்தச் சொல்வதற்கும் மெயில்தான்.

அலுவலகக் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் சிஸ்டம்காரன் அவசரமாகத் தன் கணினியைத் திறந்தான். மெயில் மென்பொருளை ஞாயிற்றுக்கிழமை புதுப்பித்தவன் அவன். அதில் குப்பை மெயில்களைத் தடுக்கும் ஸ்பாம் ஃபில்டர்தான் மேனேஜரை விழுங்கிக்கொண்டிருந்தது. இது அவனுக்கு மூன்றாவது வேலை. "இதுவும் போச்சுன்னா வீட்டுப்பக்கம் வராதீங்க," என்று மனைவி சாதாரணமாகத்தான் சொல்லியிருந்தாள்.

கண்ணாடிக் கதவுக்குப் பின்னாலிருந்து மேனேஜர் அவனைப் பார்த்தார். கொஞ்சம் திகைத்தார். பிறகு நாள்காட்டியைப் பார்த்தார்.

அவன் ஃபில்டரைத் தளர்த்தினான். லாட்டரிப் பரிசுகள் கொட்டின. மேனேஜர் வரவில்லை.

மேனேஜர் பெயரில் எது வந்தாலும் உள்ளே விடும்படி ஃபில்டருக்குச் சொன்னான்.

"முடி வளர தைலம் வாங்கச் சொல்றாரு," என்றார் அக்கா.

"யாரு?"

"மேனேஜர்தான். முதல்ல அவரு தேய்ச்சுப் பாக்கட்டும்."

மேனேஜர் பெயரில் யாரோ அனுப்பிய போலிதான் நுழைந்தது, நிஜ மேனேஜர் வரவில்லை. பதறிப்போய் ஃபில்டரை இறுக்கினான். எல்லாமே நின்றது. மதிய வெயில் மேசைகளின் மேல் தண்ணீர்போல் தேங்கியது. ஏசியின் முனகலில் அலுவலகமே மெல்ல மிதக்கத் தொடங்கியது. ஒருவன் மேகம் பார்த்தான். அக்கா கன்னத்தில் கைவைத்து, யாரோ தாலாட்டுவதுபோல் லேசாக ஆடிக்கொண்டிருந்தார். வேலை என்பது எப்போதோ கண்ட கனவாகிவிட்டது. அவனுக்கும் கண் சொருகியது.

பாதிக் கனவில்தான் அது உறைத்தது. 'உடனடியாக' என்ற சொல் இருந்தால், யார் பெயரில் வந்தாலும், புது ஃபில்டர் குப்பை என்று முடிவுகட்டிவிடுகிறது. அந்தச் சொல் இல்லாமல் மேனேஜர் ஒரு வரி எழுதியதில்லை.

அந்த விதியை நீக்கினான். தேங்கியதையெல்லாம் திறந்துவிட்டான்.

மேசைக்கு மேசை 'டிங்' என்றது. பிறகு மழைபோல் கொட்டியது. தூங்கியவர்கள் நிமிர்ந்தார்கள். எங்கோ ஒரு ஜன்னல் சாத்தப்பட்டது.

"பொழைச்சுக்கிட்ட தம்பி," என்றார் அக்கா.

அவன் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினான். வேலை தப்பியதை மனைவியிடம் எப்படிச் சொல்வது என்றுகூட யோசித்துவிட்டான்.

யாரோ தோளைத் தொட்டார்கள். வாசல் காவலாளி. கையில் போனைப் பிடித்தபடி நெளிந்தார்.

"கோவிச்சுக்காதீங்க சார். திங்கக்கிழமையிலருந்து உங்கள உள்ள விடக்கூடாதுன்னு மேனேஜர் போட்ட மெயில் எனக்கு இப்பத்தான் வந்துச்சு."