உருக்காலையை வலம் வந்தவர்

ஓரிடத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, அதன்பின் வாழ்நாள் முழுவதும் அதை விளக்கியே தீரும் இனம் ஒன்று உண்டு. அதற்குச் 'சுற்றி வந்தவர்' என்று பெயர் வைப்போம். தில்லைக் கீழவீதியில் அவ்வினத்தின் திலகம் ராஜசபேசன். மருமகன் அதிகாரியாகப் பணிபுரியும் ஒருங்கிணைந்த உருக்காலையை இரண்டு மணி நேரம் பேருந்தில் அமர்ந்தபடி பார்த்தவர். அன்றுமுதல், தாதுவை இரும்பாக்கும் அந்த ஊதுலை அவர் வாயில் அணைந்ததே இல்லை. காய்கறிக்காரரிடம் ஊதுலை, தீபாராதனைக்குக் காத்திருக்கையில், முன்னே நிற்பவர் முதுகைத் தட்டி, அங்கேயும் ஊதுலை. தப்பியவர் உண்டோ?

ஆலைக்குள்ளும் அவர் ஆசாரம் விடவில்லை. பேருந்து இடமாகச் சுற்றப் புறப்பட, "சுத்துறதுன்னா வலமாத்தான் சுத்தணும்" என்றார். அதிகாரியின் மாமனார் ஆயிற்றே, ஓட்டுநர் திருப்பினார். விளைவு? கடைசியில் காணவேண்டிய தகட்டுக்கூடத்தை முதலிலும், முதலில் காணவேண்டிய செம்மண் நிறத் தாதுக்குவியலைக் கடைசியிலும் கண்டார். கண்ட வரிசையே அவருக்குச் செய்முறை வரிசை ஆயிற்று.

எதிர்வீட்டு மதுராவுக்கு விடிந்தால் கடலூரில் நேர்காணல். ஓர் உருக்காலையின் கிளை அலுவலகத்தில், கிடைத்தால் அவளுக்கு முதல் வேலை. படித்தது வணிகவியல், இரும்பில் அவள் அறிந்தது தோசைக்கல் மட்டுமே. ராஜசபேசன் விடுவாரா?

"நல்லா கேட்டுக்கம்மா. மொதல்ல தகடு. அத உருக்கிக் கொழம்பாக்குறாங்க. கொழம்ப ஊதுலைல ஊத்துனா செம்மண்ணாயிடும். மண்ண ரயில்ல ஏத்தி அனுப்பிடுவாங்க."

"மண்ண வாங்கி யாரு மாமா என்ன பண்ணுவாங்க?"

"அதெல்லாம் ஏற்றுமதி. ஒனக்கு எதுக்கு?"

"அந்தப் பொண்ணு வேலைக்குப் போவணுமா, வேணாமா?" என்றார் உள்ளிருந்து அவர் மனைவி சிவகாமியம்மாள்.

மறுநாள் நேர்காணலில் அதிகாரி கேட்டார்: "எஃகு எப்படி உருவாகுது, சொல்லும்மா."

மதுரா தகட்டில் தொடங்கினாள். மண்ணில் முடித்தபோது, அதிகாரியின் புருவம் ஏறியிருந்த உயரமே அவளுக்கு உண்மையை உணர்த்தியது.

"இது திரும்பிப் போற வழி சார். இப்ப வர்ற வழி சொல்றேன்" என்று, மண்ணிலிருந்து தகட்டுக்கு ஒரே மூச்சில் வந்து சேர்ந்தாள். அவர் சிரித்துவிட்டார். வேலை கிடைத்தது.

ராஜசபேசன் தெருவிலேயே மறித்தார். "நான் சொன்னதத்தானே சொன்னே?"

"ஒரு வார்த்த வுடல மாமா."

இப்போது அவர் நேர்காணல்களையும் விளக்கத் தொடங்கியிருக்கிறார்.

சிரிக்கிறீர்கள்; சிரியுங்கள். ஆனால் அன்பரே, அவர் தகட்டில் தொடங்கியபோதே, "இல்லையே, தாதுதானே முதலில்" என்று பக்கத்திலிருந்தவரிடம் விளக்கத் திரும்பினீர்களே, நீங்கள் உருக்காலையை எந்தப் பேருந்திலிருந்து பார்த்தீர்கள்?