சீஸ் சிப்ஸும் ஆவுடையத்தையும்

தென்காசி மக்கள் எதை விரும்பிக் கொறிக்கிறார்கள் என்று ஒரு கம்பெனிக்கு நாற்பது படிவம் நிறையப் பொய் எழுதிக் கொடுத்தவள் நான். இப்போது என் பிள்ளைகளுக்கு நேர்மையைப் பற்றி வகுப்பெடுக்கிறேன் என்பது வேறு விஷயம்.

படித்து முடித்ததும் கிடைத்த முதல் வேலை, சந்தை ஆய்வு. புதிதாக வரவிருந்த சீஸ் தடவிய நேந்திரங்காய் சிப்ஸை நாற்பது பேருக்குக் கொடுத்து, அவர்கள் சொல்வதை எழுதி வர வேண்டும். கூட்டம் இருக்கும் இடத்துக்குப் போனால் ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று, சீசன் நேரத்தில் குற்றாலத்துக்குப் போனேன் (அறிவாளி!). அருவியில் குளித்து வருகிறவர்களுக்குக் கொலைப்பசி. பாக்கெட்டை வாங்கியவர்கள் கேள்வி கேட்பதற்குள் காணாமல் போனார்கள். நின்று பதில் சொன்ன சிலரின் தலையிலிருந்து சொட்டிய தண்ணீரும், மேலே இருந்து விழுந்த சாரலும் சேர்ந்து படிவங்களைக் கூழாக்கிவிட்டன.

மறுநாள் அனுப்பியாக வேண்டும். புதுப் படிவங்களோடு வீட்டில் உட்கார்ந்து, சொந்தக்காரர்கள் பெயரை வரிசையாகப் போட்டு, பதிலையும் நானே எழுதினேன். அப்பாவின் அக்கா ஆவுடையத்தையின் முறை வந்தபோது எனக்குக் கை சூடு பிடித்திருந்தது. ‘கடைக்கு வந்தால் வாரம் நான்கு பாக்கெட் வாங்குவேன். சீஸ் மணம் மனதை மயக்குகிறது.’

அடுத்த வாரமே சென்னையிலிருந்து மேலதிகாரி வந்து இறங்கினார்.

“இந்த ஆவுடையம்மாளை நான் நேர்ல பார்க்கணும்மா” என்று அத்தையின் படிவத்தைக் காட்டினார்.

ஆட்டோவில் பக்கத்திலேயே அவர் உட்கார்ந்திருந்ததால் அத்தைக்குப் போன் செய்யவும் வழியில்லை. வாசலில் நின்ற அத்தையைப் பார்த்துக் கண்ணைக் கண்ணைக் காட்டினேன்.

“ஏட்டி, கண்ணுல தூசி விழுந்துட்டா?” என்றாள்.

அதிகாரி பாக்கெட்டைப் பிரித்து நீட்டினார். அத்தை ஒன்றை வாயில் போட்டு, மெல்லாமல் கொஞ்ச நேரம் யோசித்தாள்.

“என்னய்யா இது, ஈரத்துணியைக் காயாம மடிச்சு வச்ச மாதிரி ஒரு வாடை அடிக்குது?”

(எனக்குப் பூமி பிளக்கவில்லை. பிளந்திருந்தால் முதல் ஆளாக இறங்கியிருப்பேன்.)

“வாரம் நாலு பாக்கெட் வாங்குவேன்னு சொன்னீங்களேம்மா?”

“யாரு, நானா? கடைக்காரன் சட்டியில இருந்து சிப்ஸைச் சூடா அள்ளிக் குடுக்கான், அதை விட்டுட்டு இதை எதுக்கு வாங்குதேன்? பஸ்ஸுல போவும்போது, கையில ஒட்டாம, சின்ன பாக்கெட்டா இருந்தா வாங்கலாம்.”

அதிகாரி அரை மணி நேரம் அத்தை சொன்னதையெல்லாம் எழுதிக்கொண்டார். வெளியே வந்ததும் கேட்டார்: “நாற்பதுல எத்தனை பேர் உங்க அத்தைங்க?”

“நாலு பேர் சார். மீதிப்பேர் சித்தப்பா, பெரியப்பா, மாமா...”

குற்றாலத்தில் நடந்ததையும் சொல்லி அழுதுவிட்டேன். வேலை போயிற்று என்றே நினைத்தேன். அவர் பையிலிருந்து ஒரு கட்டு வெற்றுப் படிவத்தை எடுத்து நீட்டினார்.

“ஒரு வாரம் டைம். பத்து வீட்டுக்கு நானே வந்து சரிபார்ப்பேன்.”

அப்போது விட்ட பெருமூச்சில் நெஞ்சிலிருந்த கல் எங்கே போய் விழுந்ததோ தெரியாது. ஒரு வாரம் வீடு வீடாக நடந்தேன். பொய் யோசிப்பதைவிடக் கேட்டு எழுதுவது எவ்வளவு சுலபம்! சீஸ் சிப்ஸ் கடைசி வரை கடைக்கு வரவில்லை.

இன்றைக்கும் அத்தை வீட்டுக்குச் சாப்பிடப் போனால் பிழைக்க முடியாது. “குழம்பு பிரமாதம் அத்தை” என்று சொன்ன வாயை மூடுவதற்குள் கேட்பாள்:

“தின்னு பாத்துச் சொல்லுதியா, எழுதி வச்சுச் சொல்லுதியாட்டி?”