பதினோராவது ஆளின் சந்தேகம்

கொழும்புக் கொட்டாஞ்சேனையில் அந்தப் பங்குனி மாதம் யாருக்கும் சோற்றைப் பற்றிக் கவலை இருக்கவில்லை. குக்கரைப் பற்றித்தான் கவலை. சும்மா வரப்போகிற குக்கர். கிரகங்கள் நேரடியாக அனுப்பிவைக்கிற குக்கர்.

போனில் ‘ரைஸ் குக்கர்’ என்று தேடினால் போதும். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விளம்பரம் மினுங்கும்: ‘உங்கள் ஜாதகத்தில் ஒரு ரைஸ் குக்கர் எழுதப்பட்டிருக்கிறது! முற்றிலும் இலவசம்! பெருவிரலை வையுங்கள்!’ வைத்தால் ஒன்பது கிரகமும் திரையில் சுழன்று நின்று, உங்கள் நட்சத்திரத்தையும் குணத்தையும் சொல்லி, குக்கர் உறுதி என்று வாழ்த்தும். அதைப் பெற்றுக்கொள்ள ஒரு சின்ன வேலை மட்டும் பாக்கி. இன்னும் பதினொரு பேருடைய பெருவிரலைக் கொண்டுவர வேண்டும். வெட்டி அல்ல, ஆளோடு சேர்த்துத்தான்.

பதினோராவது ஆள் விரலை வைத்ததும் திரை சிவக்கும். ‘உங்கள் பதினோராவது நபரின் மனதில் சந்தேகம் குடியிருக்கிறது. பரிசு தடைப்பட்டுள்ளது. சந்தேக நிவர்த்திப் பூசைக்கு ரூபா இரண்டாயிரத்து ஐந்நூறு.’ கட்டினால் தடை நீங்கும். பிறகு முதலிலிருந்து இன்னொரு பதினொரு பேர். ஊரில் எத்தனையோ நல்ல உறவுகள் இந்தப் பதினோராம் இடத்தில் முறிந்துபோயின. ஜிந்துப்பிட்டியில் இரண்டு சம்பந்தி வீட்டார் இன்றுவரை முகம் பார்ப்பதில்லை.

இவ்வளவுக்கும் சொந்தக்காரர் குருஜி தனஞ்சயன். மூன்று வருடங்களுக்கு முன்பு நடைபாதையில் போன் உறை விற்றவர். திடீரென்று கிரகங்களோடு பழக்கம் ஏற்பட்டுவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் கொட்டாஞ்சேனையில் ஒரு மண்டபம் பிடித்துத் தரிசனம் தருவார். வாராவாரம் ஓர் அதிர்ஷ்டசாலிக்குக் குக்கர் கிடைத்ததாக அறிவிப்பு வரும். அந்த அதிர்ஷ்டசாலி யார் என்று விசாரித்தால் அடுத்த தெருக்காரர் என்பார்கள். எந்தத் தெருவில் விசாரித்தாலும் அடுத்த தெருக்காரர்தான்.

இந்தக் கூத்தில் வயிறு எரிந்தவள் கௌரி. பன்னிரண்டு வருடங்களாக அதே கொட்டாஞ்சேனையில் மின்சாதனக் கடை வைத்திருப்பவள். சித்திரை வருசப் பிறப்புக்கென்று முப்பது குக்கர் இறக்கி, வாசல் வரை அடுக்கியிருந்தாள். சனங்கள் வந்தார்கள், மூடியைத் திறந்து பார்த்தார்கள், தட்டிப் பார்த்தார்கள். “நல்ல குக்கர்தான் அக்கா. எனக்கு ஃப்ரீயா வருகுது, இன்னும் மூண்டு பேர்தான் குறையுது” என்று போனார்கள். போனவருசமும் வியாபாரம் படுத்துவிட்டது. இந்த வருசமும் படுத்தால் கடையை மூடுவதைத் தவிர வழியில்லை என்பது அவளுக்குத் தெரியும். கண் கலங்கியது. கடைக்குள் ஆள் நின்றதால் அடக்கிக்கொண்டாள்.

அவளுடைய இணைய விளம்பரத்தைப் பார்த்துக்கொள்வது கிராண்ட்பாஸ் பக்கத்து ரிஷாத். மடிக்கணினியைத் திறந்து வைத்துப் பெருமூச்சு விட்டான்.

“அக்கா, அந்தக் குருஜிட அட் மேல ஈக்குது, ஒங்கட அட் கீழ ஈக்குது. அவர் ஃப்ரீ எண்டு போட்டீக்கார். நீங்க ரெண்டு வருஷ கேரண்டி எண்டு போட்டீக்கீங்க. ஆர் இத கிளிக் பண்ணி அமத்துவாங்க?”

“அப்ப என்ன செய்யச் சொல்லுறீர்?”

“நீங்களும் ஃப்ரீ எண்டு போடுங்க.”

“சனம் வந்து நிண்டு கேட்டா என்னத்தைக் குடுக்கிறது?”

“அவர் என்னத்தக் குடுக்கிறார்?”

ரிஷாத் தொண்டையைச் செருமினான்.

“இன்னொண்டும் ஈக்குது அக்கா. டெய்லி காலையில ஆறரைக்கு ஆரோ ஒரே ஆள் ஒங்கட அட்ட அமத்துறாங்க. அமத்துற ஒவ்வொரு தடவையும் விளம்பரக் காசா ஒங்கட சல்லிதான் கழியுது.”

ஆறரை என்றதும் கௌரிக்கு விளங்கிவிட்டது. ஆறரைக்கு அவளுடைய புருசன் நமசிவாயம் குளித்து, திருநீறு பூசி, போனும் கையுமாக இருப்பார். வீட்டுக்குப் போன கையோடு கேட்டாள்.

“கடை நல்லா ஓடவேணும் எண்டு சாமியைக் கும்பிட்டிட்டு ஒருக்காத் தொடுறனான்” என்றார் நமசிவாயம். “அதுவும் குற்றமோ?”

குற்றம் அதோடு நிற்கவில்லை. போனை வாங்கிப் பார்த்தால் கிரகங்கள் சுழன்றுகொண்டிருந்தன. மனுசன் ஒன்பது பெருவிரல் சேர்த்துவிட்டார்.

“இஞ்சாருங்கோ, கடையில முப்பது குக்கர் கிடக்குது. நீங்கள் ஏன் சும்மா குக்கருக்கு ஆள் பிடிக்கிறியள்?”

“சும்மா வந்தா அதையும் விக்கலாமே, கௌரி.” அவர் குரலைத் தாழ்த்தினார். “உமக்குத் தெரியாது, அதிலை உண்மை இருக்குது. விரலை வைச்ச உடனை என்ரை குணத்தைச் சொல்லிப்போட்டுது. நல்ல மனசு, ஆனா வீட்டிலை மதிப்பில்லையாம்.”

கௌரி தலையில் அடித்துக்கொண்டாள். ஊரை ஏமாற்றுகிறவனோடு சண்டை பிடிக்கலாம், ஏமாறுவதற்கென்றே விரலை நீட்டிக்கொண்டு வீட்டுக்குள் இருப்பவரோடு எப்படிச் சண்டை பிடிப்பது?

மறுநாள் கடையில் ஒரு பெண் பல்ப் வாங்க வந்தாள். கொழும்பில் பல்ப் விற்கிற எந்தக் கடையிலும் உள்ள பழக்கம்தான்: கௌரி பல்ப்பை எடுத்து, மேசையோரத்தில் இருக்கிற ஹோல்டரில் மாட்டி, எரியவிட்டுக் காட்டினாள். எரிந்தது. பெண் தலையாட்டினாள், காசைக் கொடுத்துவிட்டுப் போனாள்.

கௌரி அந்த ஹோல்டரைப் பார்த்துக்கொண்டே நின்றாள். ஒரு பல்ப்பைக்கூடச் சோதிக்காமல் வாங்காத சனம், ஜாதகத்தைச் சொல்கிற போன் மெஷினை மட்டும் சோதிக்காமலே நம்புகிறது. ரேகையே இல்லாத ஒன்றை அதில் வைத்தால் என்ன சொல்லும்? பக்கத்துப் பழக்கடைக்குப் போய், சரியாகப் பன்னிரண்டு பழம் உள்ள ஒரு சீப்புக் கதலி வாழை வாங்கினாள். ரிஷாத்துக்குப் போன் எடுத்தாள்.

“ஞாயிற்றுக்கிழமை முடியட்டும், தம்பி. ஃப்ரீ எண்டு போடுறதோ இல்லையோ எண்டு பிறகு சொல்லுறன்.”

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் முந்நூறு பேர். மேடையில் குருஜி, குருஜிக்குப் பின்னால் பெரிய திரை. குருஜியின் போன் சபையில் கைக்குக் கை மாறும், அதில் தெரிவது திரையிலும் தெரியும். கௌரி கடைசி வரிசையில் மடியில் பையோடு உட்கார்ந்திருந்தாள். நமசிவாயம் முன்வரிசையில் கைகூப்பியபடி இருந்தார். போன் தன்னிடம் வந்ததும் அவள் எழும்பினாள்.

“குருஜி, ஒரு சின்னக் கேள்வி. இது பிழையாச் சொல்லாதோ?”

“அம்மா, இது விரலைப் பார்ப்பதில்லை, ஆன்மாவைப் பார்க்கிறது.”

“ஆரிட்டைச் சந்தேகம் எண்டதும் தெரியுமோ?”

“எவராலும் மறைக்க முடியாது.”

“எனக்கு அது போதும். என்ரை ஆக்கள் பன்னிரண்டு பேர் வந்திருக்கினம். கொஞ்சம் கூச்ச சுபாவம். இருந்த இடத்திலையே வைக்கட்டும்.”

குருஜி கருணையோடு கையசைத்தார். கௌரி சேலைத்தலைப்பால் பையை மறைத்து, முதல் பழத்தின் பெயரைக் கதலி என்று பதிந்து, அதன் நுனியைத் திரையில் அழுத்தினாள். கிரகங்கள் சுழன்றன.

‘கதலி அவர்களே, நீங்கள் ரோகிணி நட்சத்திரம். குடும்பத்துக்காகத் தேய்ந்து உழைத்தவர். பதிலுக்கு நன்றி கிடைக்கவில்லை. வெளிநாட்டுப் பயணம் உண்டு. உங்கள் குக்கர் உறுதி.’

சபை கைதட்டியது. ஆர் பெத்த பிள்ளையோ என்று நமசிவாயம் கண்ணைத் துடைத்தார். இனிப் பதினொரு பேர். இரண்டாவது பழத்துக்கு ஆவணியில் கலியாணம். நாலாவது பழத்துக்கு முழங்கால் வலி, தைலம் நல்லது. ஏழாவது பழம் அரசாங்க உத்தியோகத்துக்குப் பிறந்தது. கடைசிப் பழத்தை வைத்ததும் திரை சிவந்தது.

‘உங்கள் பதினோராவது நபரின் மனதில் சந்தேகம் குடியிருக்கிறது.’

சபை முணுமுணுத்தது. குருஜி எழுந்து நின்றார். “யார் அந்தப் பதினோராவது நபர்? எழுந்து முகத்தைக் காட்டுங்கள். உங்களால் ஒரு குடும்பத்தின் குக்கர் தடைப்பட்டு நிற்கிறது.”

“அவவாலை எழும்ப ஏலாது, குருஜி” என்றாள் கௌரி. “நானே தூக்கிக் காட்டுறன்.”

தூக்கிக் காட்டினாள். பிறகு மற்றப் பதினொன்றையும் சீப்போடு தூக்கிக் காட்டினாள்.

குருஜி கையை உயர்த்தி ஆசீர்வதித்தார். “வாழைக்கும் உயிர் உண்டு, அம்மா.”

“இருக்கட்டும். ஆனா ஆவணியிலை கலியாணம் எண்டு சொல்லிப்போட்டியள். இவ செவ்வாய்க்கிழமை கறுத்துப்போவா.”

யாரோ ஒருவர் சிரித்தார். பிறகு மண்டபமே சிரித்தது. நடுவரிசையில் ஒரு பெண் மட்டும் சிரிக்காமல் எழும்பினாள். “நான் என்ரை சொந்தத் தங்கச்சியைப் பதினோராவது ஆள் எண்டு வீட்டை விட்டு அனுப்பினனான்” என்றாள். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. சனம் கதிரைகளைத் தள்ளிவிட்டு மேடைப் பக்கம் எழும்பியது.

குருஜி பக்கக் கதவால் பாய்ந்து ஒரு முச்சக்கரவண்டியில் ஏறினார். அங்கே கிரகங்கள் சரியாக வேலை செய்தன. வண்டிக்காரன் ஏழு தடவை சந்தேக நிவர்த்தி செய்தவன், வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தவன். எங்கே போக வேண்டும் என்று கேட்காமலே பொலிஸ் நிலையத்துக்கு விட்டான்.

வீடு போகும் வழியில் நமசிவாயம் விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்தார். பிறகு மெல்லக் கேட்டார்: “பதினோராவதுக்குத்தானே சந்தேகம். மற்றப் பத்துக்கும் குக்கர் குடுத்திருக்கலாம், என்ன?”

கௌரி அவருக்கு ஒரு பழத்தை உரித்துக் கொடுத்தாள். வாய் அடைபட்டது.

அன்றே ரிஷாத்திடம் புது விளம்பரம் எழுதச் சொன்னாள்: ‘ரைஸ் குக்கர். காசுக்குத்தான். கரண்டில் போட்டுப் பார்த்து வாங்குங்கள்.’ வருசப் பிறப்புக்கு முந்தின நாள் வாசலில் ஒரு குக்கர்கூட மிஞ்சவில்லை, கடையும் மூடப்படவில்லை.

முந்நூறு பேர் கூடிய அந்த மண்டபத்தில் குருஜியின் மெஷின் கண்டுபிடித்த சந்தேகக்காரர் ஒரேயொருவர்தான். அதுவும் ஒரு கதலிப்பழம். அதற்கு மூளை கிடையாது, தோல் மட்டும்தான். மூளை இருக்கிறவர்களும் அதை இடைக்கிடை எடுத்துப் பாவித்தால் குறைந்தா போய்விடும்?