உள்ளங்கிக் கல்யாணம்

ஜேபஸின் கல்யாணம் நடுச்சாலையில் நின்றுவிட்டது. பனி கொட்டிக்கொண்டிருந்தது. மணப்பெண் டாமரிஸ் மெல்லிய உள்ளங்கி மட்டும் உடுத்தி நின்றாள். ஊரே சுற்றி நின்றது.

எல்லாம் ஜேபஸின் ஏற்பாடுதான்.

டாமரிஸ் விதவை. மலையடிவாரத்து ஆப்பிள் தோட்டமும் பழம் பிழியும் செக்கும் அவளுடையவை. யாரையாவது கட்டிக்கொண்டால் மறுநிமிடமே புருஷனுடையவை. இங்கிலாந்து ராஜாவைத் துரத்தியாகிவிட்டது. அவருடைய சட்டம் மட்டும் அமெரிக்காவின் ரோட் ஐலண்டை விட்டுப் போகவில்லை.

"தோட்டம் மட்டும் என் கையிலயே இருக்கட்டும்" என்று அவள் கேட்டுப் பார்த்தாள்.

"சட்டத்த நானா எழுதினேன்?" என்றான் ஜேபஸ்.

"எனக்கு ஜேபஸ் வேணும். எஜமான் வேண்டாம்."

பேச்சு அதோடு நின்றது. பிறகுதான் அந்தச் செய்தி அவன் காதில் விழுந்தது. செத்துப்போன முதல் புருஷன் ஊர்க் கடையில் தலைக்கு மேல் கடன் வைத்திருந்தானாம். அவள் சொத்தை எடுப்பவன் அந்தக் கடனையும் சுமக்க வேண்டும். ஜேபஸ் கடைக்காரர் எல்னேதனிடம் ஓடினான்.

"பாக்கி இருக்கா?"

எல்னேதன் ஓர் ஆப்பிளைக் கடித்தார். "நிறைய" என்றார், கூரையைப் பார்த்தபடி.

தோட்டம் எப்படியும் கடன்காரன் வாய்க்குள் போகப்போகிறது. கூடவே தானும் போவானேன்? அதனால்தான் உள்ளங்கிக் கல்யாணம். பெண் தன் பொருள் எதுவும் இல்லாமல், சாட்சிகள் முன்னால், உள்ளங்கியோடு சாலையைக் கடந்து வருவாள். எதையும் எடுக்காத மாப்பிள்ளையை எந்தக் கடன்காரனும் தொட முடியாது.

நீதிபதி பெலெக் தொண்டையைக் கனைத்தார். "உன் பொருள் எதையும் எடுத்துட்டு வரலையேம்மா?"

"இந்த உள்ளங்கி மட்டும்தாங்க. முதல் புருஷன் எல்னேதன் கடையில வாங்கின துணி."

ஜேபஸ் அலறினான். "கடன் துணியா! ஐயா, நிறுத்துங்க!"

"உள்ளங்கியைச் சட்டம் கண்டுக்காதுப்பா."

"எல்னேதன் கண்டுப்பாரே!"

அவன் தன் அக்கா ஹன்னா பக்கம் திரும்பினான். "அக்கா, உன் உள்ளங்கி ஒண்ணு கொண்டு வா. ஓடு!"

"என்னுதா? என்னுதுன்னு ஏதுடா? எல்லாம் உன் மச்சானுது. அவரு சந்தைக்குப் போயிருக்காரு. கேக்காமக் குடுத்தா திருட்டு இல்லையா, ஐயா?"

நீதிபதி பொய்முடிக்குள் விரலை விட்டுச் சொறிந்தார். "சட்டப்படி… புருஷன் சம்மதம் வேணும்."

ஜேபஸ் கூட்டத்தைப் பார்த்தான். "யாராவது குடுங்கம்மா! விலைக்கே வாங்கிக்கறேன்!"

"விக்க எங்களுக்கு ஏது உரிமை?" என்றாள் கொல்லன் பெண்டாட்டி. "நான் போட்டிருக்கறதே அவருதுதான். குளிர்ல நடுங்கறது மட்டும்தான் என்னுது."

பெண்கள் சிரித்தார்கள். "இங்க நிக்கறதுல சொந்தமா உள்ளங்கி வச்சிருக்கிற ஒரே பொம்பள டாமரிஸ்தான்" என்றாள் ஹன்னா. "அவளுக்கும் இன்னும் கொஞ்ச நேரந்தான்."

வேறு வழியில்லை. ஜேபஸ் தன் சட்டையைக் கழற்றி நீட்டினான். டாமரிஸ் சாலையோரம் நின்ற ஒரு வண்டிக்குப் பின்னால் போய் மாற்றிக்கொண்டு வந்தாள்.

"அந்தக் கம்பளி மேலங்கியையும் குடுங்க. கல்யாணம் முடிஞ்சு நான் குளிர்ல செத்தா, அடக்கச் செலவு புருஷனுது."

அதையும் கொடுத்தான்.

அவள் சாலையைக் கடந்து வந்தாள். நீதிபதி அவனைப் பார்த்தார். "உரக்கச் சொல்லுப்பா."

"இவ சொ… சொத்து எ… எதையும்…"

"பல்லு தட்டறதுதான் கேக்குது" என்றாள் டாமரிஸ். "எது எதுன்னு பிரிச்சுச் சொல்லுங்க. நாளைக்கு எல்னேதன் உங்களைக் கோர்ட்டுக்கு இழுத்துட்டா?"

ஜேபஸ் வெற்றுடம்போடு கத்தினான். "தோட்டம் வேண்டாம்! செக்கு வேண்டாம்! மாடு வேண்டாம்! எப்பவும் வேண்டாம்!"

"கேட்டோம்!" என்றது கூட்டம். பெண்கள் குரல்தான் ஓங்கியிருந்தது.

கல்யாணம் முடிந்தது. எல்னேதன் ஒரு போர்வையோடு வந்தார். ஜேபஸ் விறைத்த விரலை அவர் முகத்துக்கு நேராக நீட்டினான். "கடைக்காரரே, இனிமே உங்க கடனுக்கு என் வாசல் பக்கம் வராதீங்க!"

எல்னேதன் பையிலிருந்து இன்னோர் ஆப்பிளை எடுத்தார். "எந்தக் கடன்? அந்த மனுஷன் ஒரு பென்னி பாக்கி வைக்கலையே. நீ வந்து கேட்டா 'நிறைய'ன்னு சொல்லச் சொன்னது உன் பெண்டாட்டிதான்."