தூணுக்குக் கீழே கனகராஜ்

நம்மிடையே இடிபாட்டு ரசிகர் என்றோர் இனம் நடமாடுகிறது. முழுசாக நிற்கும் எதுவும் இவர்களுக்குப் பிடிக்காது. சுவர் என்றால் வெடித்திருக்க வேண்டும், தூண் என்றால் பாதியில் முறிந்திருக்க வேண்டும், முறிந்த இடத்தில் கொடி படர்ந்து, பின்னால் அந்திச் சூரியன் சாய்ந்து, தூரத்தில் கடல் மின்ன வேண்டும். அப்போதுதான் நெஞ்சில் கைவைத்து "ஆகா" என்பார்கள். கிரேக்கத்துக்குப் போயிருக்கிறார்களா? பக்கத்து லூமுட் படகுத்துறையைத் தாண்டியதில்லை.

ஈப்போ நகரத்துப் புந்தோங்கில் இந்த இனத்தின் தலைமகன் ஓவியர் மரியஜோசப். பழைய ஐரோப்பிய ஓவியப் புத்தகம் ஒன்றைப் புரட்டிப் புரட்டி, பாழடைந்த கிரேக்கக் கோயில்களாகவே வரைந்து தள்ளுபவர்.

லிஃப்ட் பழுதுபார்க்கும் புனிதா இவரிடம் கேட்டது ஒன்றுதான். கோலா கங்சார் பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் ஷீட்டுகளை உலர்த்தும் புகைவீடு. வாசலில் அவள் அப்பா கனகராஜ். வேலையிடத்தில் அவரை யாரும் படமெடுத்ததில்லை. புகைவீடு இப்போது இல்லை. அப்பாவும் இல்லை. முதல் வருஷத் திதிக்குப் படம் வேண்டும்.

படம் முடிந்த அன்று மரியஜோசப் திரையை விலக்கினார். புகைவீட்டுக்குக் கூரை போயிருந்தது. மரக்கால்கள் பளிங்குத் தூண்களாகியிருந்தன.

"அண்ணே, எங்கப்பா எங்க?"

"இருக்காரு லா. தூணுக்குக் கீழ பாரு."

மிளகு அளவில் ஒருவர். போர்வை சுற்றி, கையில் கோல், கூட நாலைந்து ஆடு.

"எங்கப்பா ஷீட்டு காயப்போட்டவருண்ணே. ஆடு மேய்க்கல."

"இடிஞ்ச கோயில்னா கீழ சின்னதா ஒரு இடையன் நிக்கணும்மா. அப்பத்தான் தூணு பெருசாத் தெரியும்."

"எனக்குத் தூணு பெருசாத் தெரிய வேணாம்."

சமையலறையிலிருந்து மரியஜோசப்பின் மனைவி அகதா குரல் கொடுத்தார்: "நல்லாக் கேளு புனிதா! இங்க கூரை ஒழுகுது, வாளி வச்சிருக்கேன். ஆளக் கூப்பிடுங்கன்னா, ஓட்டை வழியா வர்ற வெளிச்சம் அழகா இருக்காம்!"

"கூரை இருந்தா அது வெறும் கட்டடம்மா," என்றார் மரியஜோசப், பாவமாக.

"இருக்கட்டும்ண்ணே. கூரை இல்லாட்டி ஷீட்டு நனைஞ்சிரும். அப்பா திட்டுவாரு."

மரியஜோசப் மறுபடி தூரிகையை எடுத்தார்.

திதிக்குள் படத்தில் கூரை ஏறியது. புகை எழுந்தது. இடையன் போர்வையைக் களைந்து, பனியனும் தலைத்துண்டுமாகக் கதவு உயரத்துக்கு வளர்ந்து கனகராஜ் ஆனார். மூலையில் மட்டும் ஓர் ஆடு மிச்சம்.

"அத மட்டும் விட்டுடு லா," என்று கெஞ்சினார் மரியஜோசப்.

"இருக்கட்டும்ண்ணே. அப்பாவுக்கு ஆட்டுக்கறி பிடிக்கும்."

படத்தை வீட்டுக் கூடத்தில் மாட்டினாள். கீழே அப்பாவின் மேசைக் காத்தாடி, அவர் இறந்த மாதத்தோடு நின்றுபோனது. ஈப்போ முழுக்க லிஃப்டுகளை ஓடவைப்பவள் இதைத் தொட்டதேயில்லை. தூசிகூடத் தட்டாமல், மாலை வெயில் அதன்மேல் விழும் அழகைப் பார்த்தபடி ஓராண்டு உட்கார்ந்திருந்தாள். அடடா, இவளுமா?

திருப்புளியை எடுத்தாள்.

நீங்கள் ஏன் சிரிக்கிறீர்கள்? உங்கள் வீட்டில் கிரேக்கத் தூண் இல்லைதான். ஆனால் ஓடாத எதையோ "அப்படியே இருக்கட்டும்" என்று மூலையில் வைத்திருக்கிறீர்களே, அதன் பக்கத்தில் ஆடு ஏதும் மேய்கிறதா என்று ஒரு நடை பார்த்துவிட்டு வாருங்கள்.